மூன்று கம்பியும் ஓர் உடும்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உடும்புக்குப் பயந்து என் அக்காளையும் அவள் கணவரையும் ஆற்றுக்குக் கொடுக்கப் பார்த்தவன் நான். உடும்பு பெரிது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. நடுத்தர அளவுதான். மாசாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் இதைவிடக் கொழுத்தவை வெயில் காய்கின்றன. குப்பை கொட்டப் போகும் என் மனைவி அவற்றைச் செருப்பைத் தட்டி விரட்டுகிறாள். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரையில் நானும் அதுவும் மட்டும்தான் இருந்தோம். அது என்னைப் பார்த்து நாக்கை நீட்டியது. கீழே இறங்கிச் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. அது முடிந்துவிட்டதாக நான் மேலே நின்றபடியே முடிவு செய்தேன்.

அந்த வேலை என்னவென்று சொன்னால்தான் பிறகு வந்த பயம் புரியும்.

சாஆ என்ற சிறு டவுனுக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அக்காள் இருக்கிறாள். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அந்தத் தோட்டத்தில் வாலிபத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விளங்காமல் போனபின் கட்டிலோடு இருக்கிறார். பேச்சு வரும், ஒவ்வொரு சொல்லாக, மேட்டில் ஏறும் லோரி மாதிரி கியர் மாற்றி மாற்றி வரும். அவர்கள் குடியிருக்கும் லயத்தை, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையை, ஒட்டி ஒரு சிற்றாறு ஓடுகிறது. சாதாரண நாளில் அதைத் தாண்டினால் கணுக்கால் நனையாது. மழைக்காலத்தில் மேட்டுத் தண்ணீர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் லயத்து வாசலில் வந்து நிற்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படி வந்தபோது யாருக்கும் தெரியவில்லை. அக்காள் தூக்கத்தில் கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறாள். விரல் நனைந்துதான் விழித்தாள். மாமாவின் மெத்தை பாதி ஊறியிருந்தது. பக்கத்து வீட்டு ஆண்கள் மார்பளவுத் தண்ணீரில் அவரைத் தூக்கிப் போனார்கள். வழியில் ஒருவருக்குக் கால் தடுக்க, மாமா ஒரு வாய் சேற்றுத் தண்ணீரை நெஞ்சுக்குள் இழுத்துவிட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காளைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் அவர் தாங்க மாட்டார் என்று சொல்லியிருக்கிறார். அக்காள் அதை என்னிடம் சொன்னாள். மாமாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் தோட்ட நிர்வாகம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தது. ஆற்றில் ஒரு மிதவை. மிதவை உயர்ந்தால் கம்பத்தில் இருக்கும் பெட்டிக்குத் தெரியும். பெட்டிக்குள் ஒரு மோடம் இருக்கிறது. கைபேசியிலிருந்து திரை, பாட்டு, படம், வம்பு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுமே, அந்தப் பொருள். பெட்டி மோடத்திடம் சொல்லும். மோடம் இரண்டு பேருக்குச் செய்தி அனுப்பும். ஒருவர் தோட்ட ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் கிராணி. இன்னொருவர் அக்காள், லயத்திலேயே தாழ்வான வீடு அவளுடையது என்பதால். செய்தி வந்ததும் கிராணி லயத்தில் வீடு வீடாகப் போன் போடுவார். நாலு பேர் வந்து மாமாவை நாற்காலியோடு தூக்கி, மேட்டில் இருக்கும் எங்கள் மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். போன மழைக்காலத்தில் இரண்டு முறை அப்படி நடந்தது. மாமா மேல் ஒரு சொட்டு படவில்லை.

பெட்டியிடம் ஒரே ஒரு குறை. 'ஆற்று நீர் அபாய அளவைத் தாண்டிவிட்டது' என்று மலாயில் முழுதாக வர வேண்டிய செய்தி, தமிழில் சொல்வதானால், 'ஆற்று நீர் அபா' என்பதோடு நின்றுவிடும்.

"பாதிப் பேச்சுல நிறுத்திருது தம்பி" என்றாள் அக்காள் போனில். "உங்க மாமாவாச்சும் லேட்டானாலும் முழுசா முடிப்பாரு."

பாதிச் செய்தி போதாதா என்று கேட்டால், போதும். அதைப் பார்த்துத்தான் இரண்டு முறையும் தூக்கினார்கள். ஆனால் நான் சிங்கப்பூரில் பதினைந்து வருடம் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். விடியும் முன் எழுந்து கடல் பாலம் கடந்து போய், எதையும் கையேட்டில் இருக்கிறபடிதான் செய்ய வேண்டும் என்ற வியாதியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவன். இப்போது சின்னச் சின்ன கம்பெனிகளுக்குக் குளிரறை, எடைமேடை, தண்ணீர்த் தொட்டி என்று இந்த மாதிரிப் பெட்டிகளைப் பார்த்துக்கொடுக்கிறேன். போதாக்குறைக்குப் புத்தகம் படிப்பவன். கையேட்டையும் நாவல் மாதிரி கடைசிப் பக்கம்வரை படிப்பேன். யார் கொலைகாரன் என்று தெரியாமல் தூக்கம் வராது. இப்படிப்பட்டவனிடம் பாதிச் செய்தி அனுப்பும் மோடத்தைக் காட்டக் கூடாது.

செவ்வாய்க்கிழமை பொது விடுமுறை. போனேன். பெட்டியைத் திறந்து, மோடத்தை அதன் கேபிளிலிருந்து கழற்றி, என்னுடைய கேபிளால் மடிக்கணினியில் மாட்டினேன். மோடத்தோடு பேசத் தனி பாஷை உண்டு. எதைச் சொல்வதானாலும் AT என்று தொடங்க வேண்டும். 'இங்கே கவனி' என்று பொருள். கவனித்தால் OK என்று உடனே பதில் வரும். இந்த அளவு மரியாதை எனக்கு என் வீட்டில் கிடைப்பதில்லை.

விசாரித்ததில், மோடம் AT&K0 என்ற நிலையில் இருந்தது. யாரும் யாரையும் 'கொஞ்சம் பொறு' என்று சொல்லிக்கொள்ளாத நிலை. பெட்டி வேகமாகக் கொட்டுகிறது, மோடத்தால் விழுங்க முடியவில்லை, மிச்சம் சிந்திப் போகிறது. 'அபா' என்று நிற்பது அதனால்தான். கண்டுபிடித்துவிட்டேன். ஆற்றங்கரையில் தனியாக நின்று சிரித்தேன்.

இதற்குக் கையேடு சொல்லும் மருந்து AT&K3. எங்கள் வீட்டு வழக்கத்தில் சொல்கிறேன். சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நிற்கிறார்கள். 'வாங்க' என்று ஒரு சொல் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கல்யாணமே நின்றாலும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். AT&K3 மோடத்துக்கு அந்த ரோஷத்தைக் கொடுக்கிறது. பேச்சு போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, இரண்டுக்கும் பொதுவாகத் தரைக்கம்பி. இவை போக, 'வாங்க' சொல்வதற்கென்றே இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி. எதிராளி தன் கம்பியில் 'வாங்க' சொன்னால்தான் மோடம் வாய் திறக்கும். கூடவே AT&D2 என்று இன்னொன்றும் போட்டேன். எதிராளி வீட்டில் விளக்கு எரிகிறதா என்று மற்றொரு கம்பியில் பார்த்து, எரியாவிட்டால் உறவை முறித்துக்கொள்ளச் சொல்வது அது. கடைசியாக AT&W. 'சொன்னதையெல்லாம் மனசில் எழுதிக்கொள், மின்சாரம் போனாலும் மறக்காதே.' OK என்றது. என் கேபிள் வழியாகவே அக்காளுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். ஓர் எழுத்து குறையாமல் போய்ச் சேர்ந்தது.

பிறகு என் கேபிளைக் கழற்றிப் பையில் போட்டேன். பெட்டியின் பழைய கேபிளைத் திரும்ப மாட்டினேன். பச்சை விளக்கு மினுங்கியது. அதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்: கரையில் இறங்கி, மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்து, பெட்டி தானாகச் செய்தி அனுப்புகிறதா என்று பார்ப்பது. பத்து நிமிட வேலை. மிதவைக்கு இரண்டடி தள்ளித்தான் அந்த உடும்பு படுத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அக்காளும் போன் செய்து, அசாம் பெடாஸ் மீன் குழம்பு ஆறிப் போகிறது என்றாள்.

சாப்பாட்டுக்குக் கிராணியும் வந்திருந்தார். "சிங்கப்பூர் வேலன்னா சிங்கப்பூர் வேலதான் லா" என்றார். அக்காள் என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். நான் சம்பந்தி உதாரணத்தை இரண்டு முறை சொன்னேன்.

சனிக்கிழமை மதியம். புதன்கிழமை தொடங்கிய மழை விடவில்லை. மாசாயில் எங்கள் தெருவில் வேலை முடிந்து திரும்பும் மோட்டார் சைக்கிள்கள் மழைக்கோட்டோடு வாய்க்கால் போல ஓடிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயின. சோறு தின்றுவிட்டு மனைவியிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். பாராட்டு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க. அவள் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்துபவள். வரிசையாக வைத்த நூறு தட்டில் எதில் முட்டை இல்லை என்று தள்ளி நின்றே சொல்வாள். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"இந்த வயர் தலையில மூடி ஒடஞ்சு கெடக்கே."

"பழசு. அது பரவால்ல."

"உள்ள ஒம்பது எடம் இருக்கு. மூணுலதான் வயர் போவுது. மத்ததெல்லாம் என்ன, அலங்காரத்துக்கா?"

கைபேசியை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தேன்.

போக, வர, தரை. மூன்று. 'வாங்க' சொல்லும் கம்பி அந்தக் கேபிளில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெட்டியை வைத்தவர் மூன்றே கம்பியில் வேலையை முடித்து, அதற்குத் தகுந்தாற்போல மோடத்தை ரோஷம் இல்லாததாக விட்டுவைத்திருக்கிறார். என் கேபிளில் ஒன்பதும் உண்டு. நான் சோதித்தது அதில். அதில் மட்டும்.

இப்போது ஆறு ஏறினால் என்ன நடக்கும் என்பதைப் பார்க்க எனக்குக் கையேடு தேவைப்படவில்லை. பெட்டி மோடத்தைக் கூப்பிடும். மோடத்துக்குக் காது கேட்கும். 'சரி, செய்தியைச் சொல்' என்ற பதிலை வாயில் வைத்துக்கொண்டு, எதிராளி 'வாங்க' சொல்லட்டும் என்று நிற்கும். பெட்டி, பதில் வரட்டும் என்று நிற்கும். இரண்டும் மரியாதையாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கையில் தண்ணீர் மாமாவின் கட்டிலுக்கு வந்துவிடும். பச்சை விளக்கு மட்டும் அழகாக மினுங்கும். பாதியாவது பேசிக்கொண்டிருந்த ஒன்றை முழு ஊமையாக்கிவிட்டு மீன் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

அக்காளைக் கூப்பிட்டேன். கை வேர்த்து, கைபேசி என் விரலை அடையாளம் கண்டுகொள்ள மறுத்தது. மூன்றாவது முறை கேட்டது.

"என்னா தம்பி, சாப்பிட்டியா?"

"அங்க மழை எப்படிக்கா?"

"விடியல்ல இருந்து ஊத்துது லா. உங்க மாமா இப்பதான் கண்ண மூடுனாரு. நானும் கொஞ்சம் சாயலாம்னு இருக்கேன்."

"ஆத்தப் பாத்தியா?"

"நான் ஏன் பாக்கணும்? அதான் நீ வந்து பெட்டிய முழுசா பேச வச்சிட்டுப் போயிருக்கியே. முன்னல்லாம் மழைன்னா எனக்குக் கண்ணு மூடாது. இப்பதான் மனசு நிம்மதியா இருக்கு."

இங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். அக்கா, பெட்டி பேசாது, தப்பு என்னுடையது, எழுந்து போய் ஆற்றைப் பார். அவ்வளவுதான். நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது. இரண்டாவது மீன் துண்டு ஞாபகம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை, வந்தது.

"சரிக்கா, தூங்கு" என்றேன்.

ஆமாம். தூங்கு என்றேன்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பெட்டி கெட்டுப் போச்சா?"

"ஒரு சின்ன மாத்தம் செய்யணும். நேர்ல போனா அஞ்சு நிமிஷம்."

"அண்ணிகிட்ட ஏன் சொல்லல?"

"பயந்துருவாங்க."

"அவங்க பயந்தா நல்லதுதான. எந்திரிச்சு உக்காந்திருப்பாங்க. நீங்க எதுக்குப் பயப்படறீங்க, அதச் சொல்லுங்க."

பையை எடுத்தேன். அவள் தன் போனில் அக்காளைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. "நீங்க போங்க, நான் போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

மாசாயிலிருந்து சாஆ, மழையில்லாத நாளில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அன்று நெடுஞ்சாலை தெரியவில்லை. முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கு இரண்டும் தெரிந்தன. அவை போன இடத்துக்கெல்லாம் நான் போனேன். கண்ணாடி துடைப்பான் இந்தப் பக்கம் போகும்போது அக்காளின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அந்தப் பக்கம் போகும்போது விரல் தண்ணீரைத் தொட்டது. திரும்ப இந்தப் பக்கம். இதை நிறுத்த ஜெபமாலை சொல்லத் தொடங்கினேன். பத்து ஜெபமணிகளுக்குள் மூன்று முறை எண்ணிக்கை தவறி, கடைசியில் உதடு சும்மா அசைந்துகொண்டிருந்தது. 

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மனைவி கூப்பிட்டு ஒரே சொல் சொன்னாள். "எடுக்கல."

மாமா எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் இல்லை, என்னைப் படிக்க வைத்தவரும் இல்லை. அப்படி ஏதாவது பெரிய கடன் இருந்தால் பயத்துக்கு ஒரு கம்பீரமாவது கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால் அவருக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். மரண அறிவிப்பிலிருந்து தொடங்கச் சொல்வார். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் இடது கையால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கத்தில் வந்துவிடுவார் என்ற நினைப்பு யோங் பெங் ஊர் வருவதற்குள் எனக்கு நாலு முறை வந்தது. படத்தோடு.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஓரம் கட்டி, கிராணியைக் கூப்பிட்டேன். பின்னால் நாதஸ்வரமும் ஒலிபெருக்கியும் கேட்டன. பக்கத்து டவுன் லாபிசில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"சொல்லுங்க சார். இப்பதான் பந்தியில உக்காந்தேன்."

"லயத்துல யாராச்சும் ஆத்தப் போய்ப் பாத்தாங்களா?"

"பெட்டி ஒண்ணும் சொல்லலியே."

"பெட்டி சொல்லாட்டியும்…"

"சார், பெட்டி சும்மா இருக்குன்னா ஆறு சும்மா இருக்குன்னு அர்த்தம். நீங்கதான அன்னிக்கு வெளக்குனீங்க. சம்பந்தி கதையக்கூட நான் லயத்துல எல்லாருக்கும் சொன்னேன். இனிமே மழையில யாரும் கரையில போய்க் காவல் நிக்க வேணாம்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நாளும் பெட்டியும் பேசியது, ஆளும் நின்றார்கள். என் பேச்சைக் கேட்டு ஆளையும் எடுத்துவிட்டார்கள்.

"ஒரு சின்ன செக்கிங்" என்றேன். "யாரையாச்சும் ஆத்துப் பக்கம் அனுப்பிப் பாக்கச் சொல்லலாமா?"

"செக்கிங்தான? திங்கக்கெழம பாத்துக்கலாம் சார். மழை விடட்டும்."

வைத்துவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. 'செக்கிங்' என்று சொன்னது நான். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு உடனே மறுபடி கூப்பிட்டேன். பந்தியில் இருப்பவர் எடுக்கவில்லை.

தோட்டத்துச் சாலைக்குள் திரும்பியபோது மணி நாலரை இருக்கும். செம்மண் பாதை முழுக்கத் தண்ணீர். பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி இறங்கினேன். ஆறு தே தாரேக் என்ற பால் தேநீரின் நிறத்தில், பாலத்துக்கு ஒரு சாண் கீழே, சத்தமில்லாமல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தமில்லாததுதான் பயங்கரம். செம்பனை ஓலைகள் வந்து பாலத்தில் முட்டி, ஒரு கணம் யோசித்து, அடியில் போயின. தூணில் சிவப்புச் சாயத்தில் போட்டிருந்த அபாயக் கோடு எங்கே என்று தேடினேன். தண்ணீருக்குள் இருந்தது. பெட்டி எப்போதோ கத்தியிருக்க வேண்டும்.

அக்கரையில், மரவரிசைக்கு நடுவே, லயத்தின் தகரக் கூரைகள் தெரிந்தன. கூப்பிடு தூரம். கதவெல்லாம் சாத்தியிருந்தது. வெளியில் ஓர் ஆள் இல்லை. கடைசி வீடு அக்காளுடையது. அவள் வீட்டுப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முற்றம் அகலம்தான் மிச்சம் இருந்தது. பாலத்தின் நடுப்பகுதி தொய்ந்திருந்ததால் அங்கே பலகைகளுக்கு மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. காரும் போகாது, நடந்து போகவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

என்ன செய்தேன் என்கிறீர்கள்? குடையை விரித்துக் கழுத்தில் செருகிக்கொண்டு, மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்து, பெட்டியைத் திறந்தேன்.

சாவி இரண்டு முறை சேற்றில் விழுந்தது. பழைய கேபிளைக் கழற்றி என் ஒன்பது கம்பிக் கேபிளை மாட்டினேன். மடிக்கணினி தன் கம்பியில் 'வாங்க' சொன்ன உடனே மோடம் இத்தனை நேரம் வாயில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டியது. திரையில் வரி வரியாக ஓடியது. பெட்டி கேட்டிருக்கிறது; மோடம் பதில் எழுதியிருக்கிறது; பெட்டி மறுபடி கேட்டிருக்கிறது; மோடம் மறுபடி எழுதியிருக்கிறது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. அத்தனை பதிலும் அனுமதிக்காகக் காத்துக் கிடந்திருக்கின்றன. திரை நின்றபோது எனக்கு அழுகை வந்தது. மழையில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது ஒரு சௌகரியம்.

AT என்று அடிக்கப் போய் TA என்று அடித்தேன். மோடம் தவறு என்றது. எனக்குத் தெரியும் என்றேன், சத்தமாக. AT&K0. OK. AT&D0. OK. AT&W. OK. ஒவ்வொரு OK வரும் முன்னும் ஒரு நொடி. அந்த நொடிகளில் திரும்பி முற்றத்தைப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பார்த்தேன். முற்றம் குறுகிக்கொண்டே வந்தது. என் கேபிளைப் பிடுங்கிவிட்டு மூன்று கம்பிக் கேபிளை மாட்டினேன். திருகு ஏறவில்லை, கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பெட்டி மறுபடி முயல இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். கேபிளைப் பிடித்தபடி நின்றேன். அக்காள் வீட்டு முதல் படி மறைந்தது.

பிறகு பச்சை விளக்கு படபடவென்று துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. இரண்டு செய்தி. அது போய்ச் சேர்ந்ததா, கிராணி கை கழுவிவிட்டுப் போனைப் பார்த்தாரா, எனக்குத் தெரிய வழியில்லை. என் எண் அந்தப் பட்டியலில் கிடையாது.

நடு வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. அடுத்து அதற்குப் பக்கத்துக் கதவு. கைலியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் தண்ணீரில் ஓடிப் போய் அக்காள் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். உள்ளே போனார்கள். வெளியே வர வெகுநேரம் ஆனது. அல்லது எனக்கு அப்படி இருந்தது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலி முதலில் தெரிந்தது. அதில் மாமா. நாலு பேரும் முழங்கால் தண்ணீரில் ஓர் அடியாக வைத்து நடந்தார்கள். அக்காள் தான் நனைந்துகொண்டு அவர் தலைக்குமேல் குடை பிடித்து ஓடினாள். யாருக்கும் கால் தடுக்கவில்லை. கோயில் மேடு ஏறி அவர்கள் மறைந்த பிறகுதான் நான் இன்னும் கேபிளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். விரல்கள் விரிய மறுத்தன. சேற்றில் உட்கார்ந்தேன்.

கிராணி கூப்பிட்டார். "சார், பெட்டி சொல்லிருச்சு. எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். உங்க மாமாவ ஏத்திட்டாங்க. ஆனா ஒண்ணு சார், பழைய மாதிரி 'அபா'வோடயே நின்னுருச்சு."

"பரவால்ல" என்றேன்.

ஆறு பாலத்தை மூடுமுன் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டு சாஆ டவுனுக்குப் போனேன். நாகூர்ப் பக்கத்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டும் சூடாகத் தேநீரும் கொடுத்தார். அங்கிருந்து அக்காளைக் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தாள். போன் சமையல்கட்டில் சார்ஜில் கிடந்ததாம். தகரக் கூரையில் மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லையாம்.

"நல்ல வேளை தம்பி, நீ பெட்டிய சரி பண்ணிட்டுப் போன. இல்லாட்டி தூக்கத்துலயே போயிருப்போம். கோயில்ல உனக்குத்தான் மெழுகுவத்தி ஏத்திக்கிட்டிருக்கேன்."

"சரிக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தது. எல்லாக் கம்பியும் உள்ள புதுக் கேபிள் ஒன்றோடு போய், முதலில் கரையில் இறங்கி மிதவையைத் தூக்கிப் பிடித்துச் சோதித்தேன். பிறகு அக்காள் வீட்டில் சேறு கழுவினேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மாமாவின் கட்டிலைவிட ஒரு கை உயரம் மேலே இருந்தது. அதைத் தேய்க்கும்போதுதான் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. கேபிள், படம், கிராணியிடம் சொன்ன 'செக்கிங்', எல்லாம். பாலத்துப் பகுதி வந்தபோது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும், என் குரலில் கொஞ்சம் வீரம் ஏறியது. கழுத்தில் குடை, நடுங்கும் விரல், கண்ணெதிரே மறையும் படி என்று விவரித்தேன்.

அக்காள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், "தூங்குன்னு சொன்னியே தம்பி" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா வாசலில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே கியரைப் போட்டார்.

"பாலத்துகிட்டதான… நின்ன."

"ஆமா மாமா."

"லயம்… தெரிஞ்சுச்சு."

"நல்லா தெரிஞ்சுச்சு மாமா."

மறுபடி கியர் மாற்றினார். மேடு செங்குத்தாக இருந்திருக்க வேண்டும்.

"ஒன் காருல… ஹாரன் இல்லியா?"